அரசியல் மெய்யியலுக்குள் எந்தக் கேள்வி வழியாக நுழைவது?

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் ஏழு பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள். திருகோணமலை நகரத்திலிருந்து நாலு பேர், கிண்ணியாவிலிருந்து இரண்டு பேர், தம்பலகாமத்திலிருந்து ஒருத்தி. "சேர், சனிக்கிழமை பின்னேரங்களில் அரசியல் மெய்யியல் படிப்போமா?" என்று கேட்டார்கள். உடனே சரி என்று சொல்லிவிட்டேன். எங்கே தொடங்குவது என்று முடிவெடுக்கத்தான் இரண்டு வாரம் பிடித்தது. அந்த இரண்டு வாரமும் யோசித்ததை இங்கே எழுதுகிறேன். இந்தப் பாடத்துக்குள் காலெடுத்து வைக்க நினைக்கும் வேறு யாருக்கும் உதவலாம்.

பாடப்புத்தகங்கள் காலவரிசையில் போகும். பிளேட்டோ, அரிஸ்டோட்டில், பிறகு ஒரு பெரிய பாய்ச்சலில் ஹொப்ஸ், லொக், ரூசோ, மில், மார்க்ஸ். பரீட்சைக்குப் படிக்கிறவருக்கு அது வசதி, அவர் அப்படியே படிக்கட்டும். நானும் அப்படித்தான் படித்தேன். பெயரும் ஆண்டும் மனதில் நின்றன. அந்த மனிதர்கள் எதற்காக அவ்வளவு மண்டையை உடைத்தார்கள் என்பது பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. அதனால் ஆட்களை விட்டுவிட்டுக் கேள்விகளைப் பிடிப்போம் என்று முடிவு செய்தேன். சுருக்கிப் பார்த்தால் பெரிய கேள்விகள் நான்கு. அரசுக்கு நான் ஏன் கீழ்ப்படிய வேண்டும்? யார் ஆள வேண்டும்? யாருக்கு எவ்வளவு சேர வேண்டும்? என் வாழ்க்கைக்குள் அரசு எதுவரை வரலாம்? நான்கும் ஒரே வீட்டின் வாசல்கள். எந்த வாசலால் உள்ளே போகிறோம் என்பதைப் பொறுத்து வீடு வேறுமாதிரித் தெரியும்.

தர்க்கப்படி பார்த்தால் கீழ்ப்படிதல்தான் முதலில் வர வேண்டும். அரசு என்று ஒன்று இருக்கலாமா என்பதே தீராதபோது, அதை யார் நடத்துவது என்று பேசி என்ன பயன்? கி.மு. 399இல் ஏதென்ஸ் சிறையில் சோக்கிரட்டீஸ் இந்தக் கேள்வியைத்தான் எதிர்கொண்டார். தப்பிப் போக நண்பர் கிரிட்டோ எல்லா ஏற்பாடும் செய்துவிட்டு வந்து கெஞ்சுகிறார். சோக்கிரட்டீஸ் மறுக்கிறார். எழுபது வருடம் இந்த நகரத்தில் இருந்தேன், பிடிக்காவிட்டால் போயிருக்கலாம், போகவில்லை. அப்படியென்றால் இதன் சட்டங்களுக்கு நான் சம்மதித்தவன் என்பது அவருடைய வாதம். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரைக் கண்ட ஹொப்ஸ் 1651இல் வேறொரு பதில் சொன்னார். எல்லோரையும் அடக்கி வைக்கும் ஒரு சக்தி இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொருவருக்கும் பயந்தே சாக வேண்டும், ஆகவே யாராவது ஒருவரிடம் அதிகாரத்தை ஒப்படைத்துவிடுங்கள் என்றார். அதை 1689இல் லொக் திருத்தினார். ஆட்சி என்பது நம்பி ஒப்படைத்த பொருள், நம்பிக்கை கெட்டால் திருப்பி வாங்கும் உரிமை மக்களுக்கு உண்டு என்றார்.

இந்தச் சம்மதக் கதை முழுவதையும் 1748இல் டேவிட் ஹியூம் ஒரே உவமையால் அசைத்தார். தூக்கத்தில் ஒருவனைத் தூக்கிவந்து கப்பலில் போட்டுவிட்டார்கள். கண் விழித்தால் நடுக்கடல். இறங்குவதென்றால் கடலில் குதிக்க வேண்டும். குதிக்காமல் இருக்கிறான் என்பதற்காகக் கப்பல் தலைவனின் அதிகாரத்துக்கு அவன் சம்மதம் கொடுத்துவிட்டான் என்று சொல்ல முடியுமா? துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. எங்கள் ஊரே அந்தப் பயணியைப் போலத்தான் இருந்திருக்கிறது. 1624இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1782இல் மட்டும் இரண்டு தடவை கைமாறியது: ஜனவரியில் ஆங்கிலேயர், ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர். 1795இல் திரும்பவும் ஆங்கிலேயர். அந்த 1782இல் இங்கே வலை வீசிக்கொண்டும் வயல் விதைத்துக்கொண்டும் இருந்தவர்கள் யாரிடம், எப்போது சம்மதம் சொன்னார்கள்?

கப்பற்படையோடு வந்து வரி கேட்பவனுக்கும் கொள்ளைக்காரனுக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்விக்கும் இந்த வாசலில்தான் இடம். பிடிபட்ட கடற்கொள்ளைக்காரன் ஒருவன் அலெக்சாந்தருக்குச் சொன்ன பதிலை 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்தவ ஆயர் அகுஸ்தீன் எழுதி வைத்தார். என்னிடம் ஒரு சின்னக் கப்பல் இருப்பதால் நான் கொள்ளைக்காரன், உன்னிடம் பெரும்படை இருப்பதால் நீ சக்கரவர்த்தி என்பதுதான் அந்தப் பதில். வள்ளுவர் இதை ஒன்றேமுக்கால் அடியில் முடித்துவிட்டார். கொடுங்கோன்மை அதிகாரத்தில், 552ஆம் குறளில், செங்கோலைப் பிடித்துக்கொண்டு பொருள் கேட்கிற அரசன் வேலோடு நின்று "கொடு" என்கிற வழிப்பறிக்காரன் மாதிரி என்கிறார். அகுஸ்தீனையும் இந்தக் குறளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் ஒரு பின்னேரம் முழுக்கப் பேசலாம்.

இவ்வளவு செழிப்பான வாசலை ஏன் முதலில் திறக்கவில்லை? முன்பொருமுறை திறந்து பார்த்து நொந்தவன் நான். சில வருடங்களுக்கு முன் இதேபோல ஒரு சிறு கூட்டத்தில் முதல் நாளே "அரசுக்கு ஏன் கீழ்ப்படிய வேண்டும்?" என்று கேட்டேன். எங்கள் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பதில் இருக்கிறது, அநேகமாகச் சுவரில் மாலை போட்ட ஒரு படத்தின் வடிவில். அரை மணித்தியாலத்துக்குள் பேச்சு யாருடைய இழப்புப் பெரியது என்ற இடத்துக்குப் போய்விட்டது. மூலையில் இருந்த தம்பி ஒருவன் அதுவரை வாய் திறக்கவில்லை. அடுத்த கிழமை அவன் வரவில்லை, அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. பிழை என்னுடையது. அந்தக் கேள்வியைத் தாங்குவதற்கு அறையில் இருப்பவர்களுக்கு முதலில் ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை வேண்டும். நம்பிக்கை வர மாதக் கணக்காகும். தனியாக, வீட்டிலிருந்து வாசிக்கிறவருக்கு இந்தத் தடை இல்லை. அவருக்கு நான் தயங்காமல் சொல்வது, கிரிட்டோவிடம் சோக்கிரட்டீஸ் பேசுவதாகப் பிளேட்டோ எழுதிய உரையாடலில் தொடங்குங்கள் என்பதுதான். சிறியது, ஒரே மூச்சில் வாசித்துவிடலாம்.

யார் ஆள வேண்டும் என்ற கேள்வி இதைவிடக் கொஞ்சம் இலகு. பிளேட்டோவும் கப்பலைத்தான் காட்டுகிறார். மாலுமிகள் சுக்கானுக்காக அடித்துக்கொள்கிறார்கள். வானத்தையும் நட்சத்திரங்களையும் காற்றையும் படித்தவனை வேலைக்கு உதவாதவன் என்று தள்ளி வைக்கிறார்கள். ஆட்சி ஒரு கலை, தெரிந்தவன் செய்யட்டும் என்பது அவர் கருத்து. அரிஸ்டோட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. விருந்து எப்படி இருந்தது என்று சமைத்தவனைவிடச் சாப்பிட்டவனுக்கு நன்றாகத் தெரியும் என்றார். பலபேர் கூடி யோசித்தால் தனித்தனியே இல்லாத தெளிவு கூட்டாக வரலாம் என்றும் சொன்னார்.

நமக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டில், உத்திரமேரூர் கல்வெட்டுகள் இருக்கின்றன. சோழ அரசன் முதலாம் பராந்தகன் காலம், 919உம் 921உம். ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பிக்கும் குடவோலை முறை. 35 வயதுக்கு மேல், 70க்குக் கீழ்; சொந்த நிலமும் வீடும் வேண்டும்; முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் தகுதியில்லை. கணக்கு விஷயத்தில் அவர்கள் காட்டிய கண்டிப்பைப் படிக்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் அது பிராமணர் சபை. யாருடைய பெயர் ஓலையில் ஏறலாம் என்பது குடத்துக்கு வெளியே முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தது. குடவோலையைப் பெருமையாகச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இலங்கையில் 1931இல் டொனமூர் அரசியலமைப்பு ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கொடுத்தது. பொன்னம்பலம் இராமநாதன் போன்ற படித்த பெரியவர்களே அதை எதிர்த்திருந்தார்கள். அதே ஆண்டு, சுயராச்சியம் தராத அரசியலமைப்பு எதற்கு என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தது. பிறகு 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. மக்கள் ஆள வேண்டும் என்று ஒத்துக்கொண்ட பிறகும் "மக்கள்" என்றால் யார் என்ற கேள்வி மிச்சம் நிற்கிறது. இந்த வாசலால் நுழைந்தால் அங்கே சீக்கிரம் போய்ச் சேரலாம். ஒரே ஒரு கரைச்சல்: பிள்ளைகள் பத்து நிமிடத்தில் கட்சிகளுக்கும் வேட்பாளர்களுக்கும் போய்விடுவார்கள், அதிலிருந்து திருப்பிக் கொண்டுவருவது பெரும்பாடு.

நான்காவது கேள்வி, சுதந்திரம். மில் 1859இல் ஒரு எல்லைக் கோடு போட்டார்: மற்றவருக்குத் தீங்கு வராமல் தடுப்பதற்காக மட்டுமே ஒருவனைச் சமூகம் கட்டாயப்படுத்தலாம், அவனுடைய சொந்த நன்மைக்காக அல்ல. டைனமைட் போட்டு மீன் பிடிப்பதைத் தடை செய்ய இந்தக் கோடு போதும். பவளப்பாறை செத்தால் பக்கத்து வள்ளக்காரனுக்கும் மீன் இல்லை. மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் போடச் சொல்வதற்கு அந்தக் கோடு இவ்வளவு இலகுவாக இடம் கொடுக்காது. ஐசாயா பேர்லின் 1958இல், தடை இல்லாமல் இருப்பது ஒரு சுதந்திரம், தன்னைத் தானே ஆளக்கூடியவனாக இருப்பது இன்னொரு சுதந்திரம் என்று பிரித்தார். நல்ல வாசல்தான். ஆனால் தனி மனிதனில் தொடங்குவதால், கூட்டாக இருந்து பேசுகிறவர்களுக்கு அது முதல் நாளில் கொஞ்சம் மெலிவாகப் படும். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மிச்சம் இருப்பது பங்கு. யாருக்கு எவ்வளவு? நான் தேர்ந்தெடுத்தது இதைத்தான். காரணத்தைச் சொல்லக் கரைக்குத்தான் போக வேண்டும்.

சித்திரை பிறந்து கடல் படுத்த பிறகு, உப்புவெளிப் பக்கம் விடியற்காலையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் வலையை அரைவட்டமாக வளைத்துக்கொண்டு போய், மறு முனையைத் தள்ளி ஓரிடத்தில் கரைக்குக் கொண்டுவரும். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று, குதிக்காலை மணலில் ஊன்றிப் பின்னோக்கி நடந்து இழுப்பார்கள். முன்பெல்லாம் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு நன்றாகக் கேட்கும், இப்போது குறைவு. இரண்டு வரிசையும் மெல்ல மெல்ல நெருங்கும். கடைசியில் வலையின் பை போன்ற மடி கரையைத் தொடும்போது, உள்ளே சூடையும் கீரியும் நெத்தலியும் வெள்ளியாகத் துடிக்கும். அந்த நேரத்தில் சத்தம் சட்டென்று குறைந்துவிடும். எல்லார் கண்ணும் மடிமேல். மனதுக்குள் ஒவ்வொருவரும் கணக்குப் போடுகிறார்கள்.

வலையும் வள்ளமும் சம்மாட்டியுடையவை. செலவு கழித்து அவருக்கு ஒரு பகுதி, மீதி இழுத்தவர்களுக்குப் பங்கு. கணக்கு ஊருக்கு ஊர், வலைக்கு வலை வேறுபடும். இப்போது அந்தக் கயிற்றைப் பிடித்து நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பாருங்கள். இருபது வயதுப் பையன் ஒருவன், இரண்டு ஆளின் வேலையைச் செய்கிறான். பக்கத்தில் அறுபத்தைந்து வயது ஐயா, முப்பது வருடம் இழுத்தவர், இன்று கயிற்றில் கை வைத்திருக்கிறார் என்றுதான் சொல்லலாம். அந்தப் பக்கம் நிற்பவருக்கு வீட்டில் நாலு பிள்ளைகள், வேறு வருமானம் கிடையாது. கிழிந்த வலையை முதல் நாள் இருந்து பொத்திய அக்கா இன்று கரைக்கே வரவில்லை. நடைப் பயிற்சிக்கு வந்து பத்து நிமிடம் கை கொடுத்தவர் கறிக்கு இரண்டு மீன் கிடைக்கும் என்று நிற்கிறார். சம்மாட்டி கடன் வாங்கி வலை போட்டவர், மூன்று நாள் வெறும் மடி வந்தபோது நட்டம் அவருக்கு மட்டும்தான்.

உழைப்புக்கு ஏற்பக் கொடுப்பதா, தேவைக்கு ஏற்பக் கொடுப்பதா, முதல் போட்டவனுக்குக் கொடுப்பதா, பழைய வழக்கப்படி விடுவதா? புத்தகத்தைத் திறக்காமலே பிள்ளைகள் இதில் வாதாடுவார்கள். வாதாடும்போதே நீதி பற்றிய பெரிய கொள்கைகள் எல்லாம் அவர்கள் வாயிலிருந்தே வரும். ஆற்றலுக்கு ஏற்ப உழைப்பு, தேவைக்கு ஏற்பப் பங்கு என்று 1875இல் மார்க்ஸ் எழுதியதை நாலு பிள்ளைக்காரரின் பக்கம் நிற்கும் பிள்ளை தானாகச் சொல்லும். உழைப்பைக் கலந்தவனுக்கே பொருள் சொந்தம் என்ற லொக்கின் வாதத்தை இருபது வயதுப் பையனின் பக்கம் நிற்கும் பிள்ளை சொல்லும். லொக் அதோடு ஒரு நிபந்தனையும் வைத்தார்: மற்றவர்களுக்கும் போதிய அளவு, அதே தரத்தில் மிச்சம் இருக்க வேண்டும். வலையைச் சம்மாட்டி வாங்கினார், சரி. வலை வளைக்கிற கரைத்துண்டை, "பாடு" என்று சொல்லும் அந்த இடத்தை, யார் வாங்கியது? கடலை யாரும் உண்டாக்கவில்லை. அதனால்தான் கரையோரங்களில் பாடுகளுக்கு முறை வைத்திருக்கிறார்கள்: இன்று உன் வலை, நாளை என் வலை. இதைவிட நல்ல உதாரணம் லொக்குக்கே கிடைத்திருக்காது.

இந்த இடத்தில் அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் றோல்ஸைக் கொண்டுவர வேண்டும். 1971இல் அவர் சொன்ன வழியைக் கரைக்கு ஏற்றபடி சொன்னால் இப்படி வரும். நாளைக்கு வலை இழுக்கும்போது நீங்கள் யாராக இருப்பீர்கள் என்று தெரியாது. சம்மாட்டியா, ஐயாவா, பையனா, வலை பொத்தும் அக்காவா, ஒன்றும் தெரியாது. அந்த அறியாமைத் திரைக்குப் பின்னாலிருந்து இன்றைக்கே பங்குக் கணக்கை எழுதி வையுங்கள். அப்போது என்ன எழுதுவீர்கள்? ஆகக் கீழே நிற்பவராக நானே இருக்கக்கூடும் என்ற யோசனை வந்துவிடும். சம்மாட்டிக்குக் கூடுதலான பங்கு போகலாம், ஆனால் அந்தக் கூடுதல் வலையை நல்ல நிலையில் வைத்து, கடைசியில் அந்த ஐயாவின் கையில் விழும் காசையும் கூட்ட வேண்டும். அப்படிக் கூட்டாத ஏற்றத்தாழ்வுக்கு நியாயம் இல்லை. றோல்ஸின் இந்த விதியில் எனக்கு நிறையப் பிடிப்பு உண்டு, அதை மறைக்கப் போவதில்லை.

ஆனால் மூன்று வருடத்துக்குள், 1974இல், றோல்ஸ் படிப்பித்த அதே ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த றொபேர்ட் நோசிக் எதிர்வாதம் வைத்தார். அதை அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போகக்கூடாது, ஏனென்றால் அது பலமான வாதம். பங்கு கடைசியில் எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பார்த்து நீதியா அநீதியா என்று சொல்ல முடியாது, அது எப்படி வந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்கிறார். சம்மாட்டி நேர்மையாகச் சம்பாதித்து வலை வாங்கினார். இழுத்தவர்கள் கணக்கைக் கேட்டு, ஒத்துக்கொண்டுதான் கயிற்றைப் பிடித்தார்கள். ஒருவரும் ஒருவரையும் ஏமாற்றவில்லை. பிறகு வெளியிலிருந்து ஒருவர் வந்து கணக்கைத் திருத்த என்ன உரிமை? இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் "ஒத்துக்கொண்டுதான்" என்ற சொல்லைப் பிடித்து உலுக்க வேண்டும். வேறு வேலை இல்லாதவன் ஒத்துக்கொள்வது எவ்வளவு ஒத்துக்கொள்ளல்? ஹியூமின் கப்பல் பயணி இங்கே திரும்பவும் வந்து நிற்கிறான். முதல் வாசலைத் தேடிப் போகாமலே அங்கே வந்துவிட்டோம்.

இந்தக் கேள்வியை நான் தெரிவு செய்ததற்கு முக்கியமான காரணம் இதுதான். பங்கில் தொடங்கினால் மற்ற மூன்றும் கூப்பிடாமலே வரும். பருவத்துக்கு மேற்குக் கரையிலிருந்து வந்து வாடி என்னும் தற்காலிகக் குடிசை போட்டுத் தொழில் செய்யும் மீனவர்களுக்குக் கரையில் இடம் உண்டா என்று ஒரு பிள்ளை கேட்கும். அது "மக்கள் என்றால் யார்?" என்ற கேள்வி. பாடுகளுக்கான முறையை எழுதியது யார், அந்தக் கூட்டத்தில் வலை பொத்தும் அக்காவுக்குக் கதிரை இருந்ததா என்று இன்னொரு பிள்ளை கேட்கும். அது யார் ஆள்வது என்ற கேள்வி. ஆட்களை நிற்பாட்டிவிட்டு உழவு இயந்திரத்தால் வலை இழுக்கலாமா, அதை அரசு தடுக்கலாமா என்று கேட்டால் மில் வந்துவிடுவார். வேறு வாசல்களால் போனால் பங்குக்கு வந்து சேர நாளாகும், சில வேளை வந்து சேராமலே பாடம் முடிந்துவிடும்.

தம்பலகாமத்துப் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். அவளுக்குக் கடல் தூரம், கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் கிட்ட. "சேர், தண்ணி குறைஞ்ச போகத்தில எல்லாருக்கும் விடேலாது. அப்ப யாருடைய வயலைக் காய விடுறது?" என்று கேட்டாள். இலங்கைக் குளத்து விவசாயத்தில் இதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. சிங்களத்தில் பெத்ம என்பார்கள். தண்ணீர் போதாத போகத்தில் குளத்துக்குக் கிட்டிய வயல்களை மட்டும் விதைப்பது. அந்த நிலத்தை அந்தப் போகத்துக்கு மட்டும் எல்லா வயற்காரருக்கும் அவரவர் உடைமைக்கு ஏற்பப் பிரித்துக் கொடுப்பது. கடைவாய்க்காலில் வயல் உள்ளவரும் பட்டினி கிடக்க மாட்டார். இதை அவளுக்குச் சொன்னதும் அவள் கேட்ட அடுத்த கேள்விதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. "உடைமைக்கு ஏற்ப எண்டால் பத்து ஏக்கர்காரருக்குப் பத்துப் பங்கு, குத்தகைக்குச் செய்யிறவருக்கு ஒண்டுமில்லையே?" றோல்ஸை ஒரு பக்கம்கூட வாசிக்காத பிள்ளை.

இந்த வாசலிலும் ஆபத்து இருக்கிறது. பேச்சு வெறும் காசுக் கணக்காகச் சுருங்கிவிடலாம். மரியாதை, மொழி, வழிபாடு, நினைவுகூரும் உரிமை இவையெல்லாம் மீன் மாதிரிக் கூறு போடக்கூடிய பொருட்கள் அல்ல. ஒருவருக்குக் கொடுத்ததால் இன்னொருவருக்குக் குறைய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதை மூன்றாவது அல்லது நான்காவது கிழமையில் நானே எடுத்து வைக்க வேண்டும். பிள்ளைகள் கேட்கட்டும் என்று காத்திருக்க மாட்டேன்.

ஆகவே வரிசை இப்படி அமைந்திருக்கிறது. முதல் இரண்டு மாதம் பங்கு: கரைவலையில் தொடங்கி லொக், மார்க்ஸ், றோல்ஸ், நோசிக், பிறகு அமார்த்தியா சென். 2009இல் சென் சொன்ன கதை, ஒரு புல்லாங்குழலுக்கு மூன்று பிள்ளைகள் உரிமை கேட்பது: வாசிக்கத் தெரிந்த பிள்ளை, வேறு விளையாட்டுப் பொருளே இல்லாத பிள்ளை, அதைச் செய்த பிள்ளை. மூவரின் வாதமும் சரியாகவே இருக்கலாம் என்று அவர் காட்டுவது கரைவலைச் சண்டைக்குப் பிறகு நன்றாக இறங்கும். அடுத்த மாதம் யார் ஆள்வது: பிளேட்டோ, அரிஸ்டோட்டில், உத்திரமேரூர், 1931, 1948. அதன்பின் மில்லும் பேர்லினும். கீழ்ப்படிதலைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன், குறளோடும் அகுஸ்தீனோடும். அதற்குள் நகரத்துப் பிள்ளைகளும் கிண்ணியாப் பிள்ளைகளும் ஒருவர் வீட்டில் மற்றவர் தேத்தண்ணி குடித்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

முதல் சனிக்கிழமைக்கு வாசிக்க ஒன்றும் கொடுக்கவில்லை. பின்னேரம் வேண்டாம், விடிய ஆறு மணிக்கு உப்புவெளிக் கரைக்கு வாருங்கள், சம்மாட்டியிடம் கேட்டுவிட்டேன், எல்லோரும் கயிறு பிடிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். கறிக்குக் கிடைக்கும் மீனை ஏழு பேரும் எப்படிப் பிரிப்பது என்று அவர்களே பேசி முடிக்கட்டும்.